வெண்மதி ‘ஏழாம் மணி’ பார்க்கலாமா?

சிதம்பரம்
12.9.2011

மாமாவுக்கு வினோதினி எழுதுவது,

ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் பத்து வார்த்தை பேசினால் நீங்கள் ஒரு “ம்” போடுகிறீர்கள். அந்த “ம்” சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று ரெண்டு வருஷமாக எனக்கு விளங்கவில்லை. போதாததற்கு உங்கள் மகள் போனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். கோர்ட்டில் டைப் அடிக்கிறவருக்கு இது தெரியாதா என்ன?

விஷயம் இதுதான். சனிக்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்கு டிவியில் ‘ஏழாம் மணி’ என்று ஒன்று வருகிறது. இங்கிலீஷ் சீரியல், தமிழில் பேச வைத்திருக்கிறார்கள். பனி கொட்டுகிற ஏதோ ஒரு ஊரில் ஒரு பள்ளிக்கூடம். பதினைந்து, பதினாறு வயசுப் பிள்ளைகள். பள்ளிக்கூட மணி ஏழாவது தடவை தானாக அடித்தால், அந்தப் பிள்ளைகளின் செத்துப்போன சொந்தக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். உயிரோடு இருப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். செத்தவர் உண்மையைத்தான் சொல்ல வேண்டுமாம். நடுநடுவே ஒரு பையன் ஓநாயாகிறான். முத்தம் கொடுக்கப் போகும்போது காட்சியை வெட்டிவிடுகிறார்கள், அதனால் அந்தக் கவலை இல்லை.

உங்கள் பிள்ளை பாலகுமாருக்கு ஓநாய் போதும். பார்த்துச் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறான். வெண்மதியை நினைத்தால்தான் எனக்குப் பயம். அதில் நோரா என்று அம்மா இல்லாத பெண் ஒருத்தி வருகிறாள். அவள் அம்மா பாட்டு வகுப்பு அறையில் வந்து நின்றபோது வெண்மதி கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்கவே இல்லை. நான் டிவியை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருகிற ஐப்பசியோடு அக்கா போய் ரெண்டு வருஷம். பதிமூணு வயசுப் பெண் இதைப் பார்க்கலாமா, கூடாதா? நான் கூடாது என்றால் சித்தி கொடுமை என்று ஊரே பேசும். பெற்றவர் நீங்கள்தானே, சொல்லுங்கள். “ம்” என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்.

வினோதினி


கடலூர்
20.9.2011

வினோதினிக்கு,

உன் 12ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. மேற்படி தொடரைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். படிப்பு கெடும்.

என் அறையில் டிவி இல்லாததால் அதை நான் பார்த்ததில்லை. ஆபீசில் ராஜமாணிக்கத்திடம் விசாரித்தேன். அவர் மகள்கள் விடாமல் பார்க்கிறார்களாம். “அது வெள்ளைக்காரன் பேய் சார், நம்ம பிள்ளைங்கள ஒன்னும் பண்ணாது” என்றார். அதை வைத்து நான் எந்த முடிவுக்கு வருவது?

ஒன்று எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நம் வீட்டில் பூவாடைக்காரிக்குப் படைக்கிறோம். வாழ்ந்து செத்த பெண்ணுக்குப் புதுப்புடவை வைத்து, பூவும் வளையலும் வைத்து, வா தாயே என்று கூப்பிடுகிறோம். போன வருஷத்திலிருந்து அமராவதி பெயரையும் சேர்த்துச் சொல்கிறோம். வெண்மதியும் பக்கத்தில் நின்று கும்பிட்டாள். அங்கே கூப்பிடலாம், டிவியில் பார்க்கக்கூடாது என்றால் ஏன் என்று கேட்பாளே. உன்னிடம் பதில் இருக்கிறதா?

இருந்தாலும் முதலில் எழுதிய முடிவே இருக்கட்டும். பார்க்க வேண்டாம்.

மணவாளன்


சிதம்பரம்
10.10.2011

மாமாவுக்கு,

நீங்கள் வேண்டாம் என்று எழுதியதை வெண்மதியிடமே காட்டினேன். படித்துவிட்டு அழகாக மடித்துக் கொடுத்தாள். சனிக்கிழமை ஆறே முக்காலுக்குப் பக்கத்து வீட்டு ஜான்சி டீச்சர் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். “பேய் சீரியல எங்கூட்ல வெக்கவே மாட்டோம் வினோதினி. அவதான் ரிமோட்ட எடுத்து மாத்திக்கிட்டா” என்று டீச்சர் என்னிடமே குறைப்படுகிறார்கள்.

இவர் கேபிளில் லைன்மேன் அல்லவா? ஊருக்கே படம் காட்டுகிறவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் தவிக்க வேண்டும் என்று ஒரு புத்தி வந்தது. அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்கு அந்தச் சேனலை நிறுத்திவிடச் சொன்னேன். இவரும் பொண்டாட்டி சொல்லைத் தட்டாமல் எங்கள் தெருவுக்கு மட்டும் நிறுத்தப்போய், மூணு தெருவுக்கு நின்றுபோனது. ஏழேகாலுக்கெல்லாம் வாசலில் கூட்டம். சுப்புராயன் என்று ஒருவர், மளிகைக் கடை வைத்திருக்கிறார், “எங்க வூட்டுப் பிள்ளைங்க இன்னா பாக்கணும்னு நீ யாரும்மா சொல்றதுக்கு?” என்று கேட்டார். மறுநாள் இவரை முதலாளி கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு வெண்மதி என்னிடம் வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். “சித்தி, நோராவோட அம்மா போயி ஏழு வருஷம் கழிச்சி வந்தாங்க. எங்கம்மா போயி ரெண்டு வருஷந்தான ஆவுது” என்றாள்.

அவளுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் மாமா? அதெல்லாம் பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். உங்கள் கேள்வி குறுக்கே வந்து நின்றது. பூவாடை மட்டும் நிஜமா என்று அவள் கேட்டுவிட்டால்? “போய்ப் படி” என்று மட்டும் சொன்னேன்.

வினோதினி


கடலூர்
17.10.2011

வினோதினிக்கு,

தட்சிணாமூர்த்திக்கு வேலையில் என்னால் ஏற்பட்ட தொந்தரவுக்கு வருந்துகிறேன்.

பார்க்கட்டும். ஊரான் வீட்டில் பார்ப்பதைவிட உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். நீ கூடவே இரு. பயந்தால் நிறுத்திவிடு.

இதை எழுதும்போது எனக்குத் தைரியம் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் வந்து அவளிடம் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வந்தால் படிக்கிறியா, சாப்பிட்டியா என்று கேட்பதற்குமேல் எனக்கு வருவதில்லை. அவள் அம்மாவைப் பற்றி அவள் ஆரம்பித்துவிடுவாளோ என்று பஸ் நேரத்தைச் சொல்லிக் கிளம்பிவிடுகிறேன்.

அந்தத் தொடரில் வரும் அம்மா அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்கிறாளா? சும்மாதான் கேட்டேன்.

மணவாளன்


சிதம்பரம்
21.11.2011

மாமாவுக்கு,

அஞ்சு வாரமாகக் கூட உட்கார்ந்து பார்க்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் சனிக்கிழமை எப்போது வரும் என்று ஆகிவிட்டது. பயமுறுத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. பேசுகிற தமிழ்தான் பயங்கரம். நோராவின் அம்மா, “என் அன்பு மகளே, வருந்தாதே, நான் ஒளியை நோக்கிச் செல்கிறேன்” என்கிறாள். எந்த அம்மா அப்படிப் பேசுவாள்? அக்கா வந்தால் “ஏ குட்டி, மொதல்ல தலய வாரு” என்றுதான் ஆரம்பிப்பாள். நான் சிரித்துவிட்டேன். வெண்மதி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு நான் சிரிப்பதில்லை.

அவள் பயப்படவில்லை மாமா. தயாராகிக்கொண்டிருக்கிறாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேள்விகளாக எழுதி எழுதி அடித்திருக்கிறாள். ஒரு கேள்விதானே கேட்கலாம், அதைத் தேர்ந்தெடுக்கிறாள். அடிக்காமல் விட்டிருந்தது ஒன்றுதான்: “அம்மா, அன்னைக்கு உனக்கு ரொம்ப வலிச்சிதா?”

நீங்கள் சும்மாதான் கேட்டீர்கள், நானும் சும்மா சொல்கிறேன். நோராவின் அம்மா அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியது எனக்குத்தான் இருக்கிறது. அக்காவுக்கு மஞ்சள் காமாலை என்று தெரிந்த பிறகும் எட்டு நாள் உங்கள் அக்கா பட்டம்மாள் பேச்சைக் கேட்டு, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு வீட்டிலேயே வைத்திருந்தீர்கள். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் என்ன செய்ய முடியும்? ரெண்டு வருஷமாக இதைக் கேட்கக்கூடாது என்று இருந்தேன். அந்த நோட்டைப் பார்த்த பிறகு முடியவில்லை.

வினோதினி


கடலூர்
21.1.2012

வினோதினிக்கு,

உன் நவம்பர் கடிதத்துக்கு இதுவரை பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டது நாலைந்து இருக்கும். அதற்குள் புயல் வந்துவிட்டது. கடலூரில் இன்னும் பல தெருக்களுக்குக் கரண்ட் வரவில்லை. திருவந்திபுரத்தில் பட்டம்மாள் அக்கா வீட்டுக் கூரை போய்விட்டது, இப்போதுதான் ஓடு மாற்றினோம். பிள்ளைகள் பத்திரம் என்று நீ பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிய செய்தி ரெண்டாம் நாளே கிடைத்தது. அதற்கு நான் நன்றி சொல்லவில்லை.

இப்போது எழுதுவது வேறு விஷயம். எனக்கு மங்கலம்பேட்டையில் ஒரு பெண் பார்த்திருக்கிறார்கள். சத்துணவு மையத்தில் வேலை. கல்யாணமாகி ஒரே வருஷத்தில் புருஷனை இழந்தவர். அக்காதான் முடிவு செய்தது. நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நீ சொல்கிற அந்த “ம்” தான்.

முறைப்படி முதலில் பூவாடை அழைத்து அமராவதியிடம் உத்தரவு கேட்க வேண்டும். பிப்ரவரி 3, தை வெள்ளி, திருவந்திபுரத்தில் வைத்திருக்கிறோம். பெற்ற பிள்ளைகள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நீயும் வந்தால் நல்லது. வரச்சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்றும் தெரியும்.

மணவாளன்


சிதம்பரம்
27.1.2012

மாமாவுக்கு,

நான் வரவில்லை. அக்காவைக் கேட்காமல் ஒன்பதாம் நாள் வரை வைத்திருந்தவர்கள், இப்போது அவளிடம் உத்தரவு கேட்கிறீர்கள். அந்தக் கூத்தை என்னால் பார்க்க முடியாது. நீங்கள் கல்யாணம் செய்துகொள்வதில் எனக்கு வருத்தம் இல்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

பிள்ளைகளை இவருடன் அனுப்புகிறேன். பாலகுமார் லீவு கிடைத்த சந்தோஷத்தில் இருக்கிறான். வெண்மதியைப் பற்றி மட்டும் ஒன்று. ‘ஏழாம் மணி’ கடைசிப் பாகம் டிசம்பர் 31 சனிக்கிழமை. முந்தின நாள் புயல். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டிலும் அது தெரியவில்லை. நோரா கேட்டாளா, அம்மா பதில் சொன்னாளா என்று ஒருத்தருக்கும் தெரியாது. மூணு வாரமாக அவள் பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் பூவாடை என்று சொல்லி அனுப்பிய நாளிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டாள். அந்தக் கணக்கு நோட்டைப் பையில் வைத்திருக்கிறாள்.

பம்பை அடிக்கும் இடத்தில் அவளை முன்னால் நிறுத்தாதீர்கள். உங்கள் அக்கா மேல் பூவாடை வந்து இறங்கி அவர்கள் ஏதாவது சொல்வார்கள், அதை இவள் அப்படியே நம்புவாள். முடிந்ததும் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். இது ஒன்றையாவது செய்யுங்கள்.

வினோதினி


கடலூர்
8.2.2012

வினோதினிக்கு,

பாலகுமார் சொல்லியிருப்பான். தட்சிணாமூர்த்தியும் சொல்லியிருப்பார். இருந்தாலும் நான் எழுத வேண்டும்.

கெடிலம் ஆற்றங்கரையில் கலசம் வைத்து, புடவை வைத்து, பக்கிரி பம்பை அடித்துப் பாடினார். எப்போதும் பட்டம்மாள் அக்கா மேல்தான் பூவாடை வரும். அன்று வரவில்லை. அரை மணி, முக்கால் மணி ஆயிற்று. பக்கிரி பாடிய பாட்டையே திரும்பப் பாடினார். மங்கலம்பேட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செத்தவளுக்குச் சம்மதம் இல்லையோ என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. வெண்மதி முன்னால்தான் நின்றாள். நான் நிறுத்தவில்லை, அவளாக வந்து நின்றாள். அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் நோட்டு இருந்தது.

பிறகு அந்த நோட்டு கீழே விழுந்தது. குழந்தை உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கிரி ஓடிப்போய்த் திருநீறு போட்டு “யாரு வந்திருக்கிறது?” என்று கேட்டார். “நான் அமராவதி” என்றாள். உத்தரவு உண்டா என்று கேட்டார்கள்.

“என் அன்புக் கணவரே, வருந்த வேண்டாம். புதிய வாழ்க்கையைத் தொடங்குங்கள். நான் ஒளியை நோக்கிச் செல்கிறேன்.”

வினோதினி, நீ நவம்பரில் எழுதிய கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அமராவதி பதினாலு வருஷத்தில் என்னை “இன்னாங்க” என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. கூட்டம் முழுக்க விழுந்து கும்பிட்டது. “பாத்தியா, தெய்வம் செந்தமிழ்ல பேசுது” என்று பக்கிரி அழுதார். பட்டம்மாள் அக்கா அவள் காலைப் பிடித்துக்கொண்டது. இது டிவியில் வந்த வசனம் என்று எனக்கு மட்டும்தான் பிடிபட்டது. சொல்லியிருந்தால் அத்தனை பேர் முன்னால் அவள் பொய் சொன்னவள் ஆகியிருப்பாள். நடிக்கிறாள் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அவள் கை அப்படி ஜில்லிட்டிருந்தது.

நானும் விழுந்து கும்பிட்டேன்.

மணவாளன்


சிதம்பரம்
13.2.2012

மாமாவுக்கு,

பாலகுமார் மட்டும் வந்து பத்து நாளாகிறது. வெண்மதி எங்கே? உடம்பு அசதி, ரெண்டு நாளில் அனுப்புகிறேன் என்று உங்கள் அக்கா சொன்னார்களாம். எட்டாம் வகுப்புப் பரீட்சை வருகிறது. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்ல ஒரு பொய்தான் பாக்கி இருக்கிறது.

வந்தவள் அக்காவாகவே இருந்தாலும், பிள்ளையாகவே இருந்தாலும் நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். யார் என்ன சொன்னால் என்ன? பதிமூணு வயசுப் பெண் அப்பாவுக்குக் கல்யாண உத்தரவு கொடுக்கிறாள், அப்பா காலில் விழுகிறார்.

பார்க்க விட்டது நான்தான். பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தமிழைக் கேலி செய்தவளும் நான்தான். உடனே கொண்டுவந்து விடுங்கள்.

வினோதினி


கடலூர்
4.3.2012

வினோதினிக்கு,

வெண்மதி இன்னும் திருவந்திபுரத்தில்தான் இருக்கிறாள். மூன்று தடவை கூப்பிடப் போனேன். முதல் தடவை வாசலில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். புயலில் சுவர் விழுந்து மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா அவள் மடியில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தார்கள். “நான் நலமாக இருக்கிறேன் அம்மா, வருந்தாதே” என்று இவள் சொன்னாள். அந்த அம்மா முகம் தெளிந்து எழுந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். அதை எப்படி நிறுத்துவது? ரெண்டாம் தடவை அக்கா சண்டைக்கு வந்தது. தாய் இல்லாத என்னை வளர்த்தது அது. எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. மூன்றாம் தடவை வெண்மதியே வரமாட்டேன் என்றாள். “இவுங்கல்லாம் தூரத்துலேர்ந்து வர்றாங்கப்பா” என்றாள்.

இதற்குமேல் எழுதப்போவதை நீ படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் போனேன். அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தது. யாரும் இல்லை. வெண்மதி வரலாற்றுப் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். செருப்பைக் கழற்றும்போதுகூட அதே நினைப்புத்தான்.

அவள் எதிரில் உட்கார்ந்தேன். “அமரா” என்றேன். எனக்கே தெரியாமல் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். தெரிந்தேதான் கேட்டேன். டிவி வசனம் என்று தெரிந்தும், என் மகள் என்று தெரிந்தும் கேட்டேன்.

“அமரா, அந்த எட்டு நாளு நான் சும்மா இருந்துட்டேன். என்ன மன்னிச்சிட்டியா?”

குழந்தை புத்தகத்தை மூடி வைத்தாள். கண்ணை மூடினாள். எப்போதும் போல உடம்பு லேசாக ஆட ஆரம்பித்து, நின்றுவிட்டது. மறுபடி ஆடப் பார்த்தாள், வரவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“இன்னா சொல்லணும்னு சொல்லுங்கப்பா. சொல்லிடறேன்.”

நான் எழுந்து வந்துவிட்டேன், வினோதினி. கூட்டிக்கொண்டு வராமல் வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேதான் வந்தேன்.

நீ வந்து அவளை அழைத்துக்கொண்டு போ. அக்காவிடம் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீ சண்டை போட்டாலும் தடுக்க மாட்டேன். இனி அவள் என் கண்ணில் படாமல் இருந்தால்தான் நான் கேட்காமல் இருப்பேன்.

மணவாளன்


சிதம்பரம்
7.3.2012

மாமாவுக்கு,

நாளை மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானும் இவரும் திருவந்திபுரம் போகிறோம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது வெண்மதி இங்கே இருப்பாள். உங்கள் அக்கா கத்தினால் கத்தட்டும். வீட்டில் டிவியை எடுத்துவிடுகிறேன் என்று இவர் சொல்கிறார். இனி எடுத்து என்ன, வைத்து என்ன?

உங்களைத் திட்டத்தான் பேப்பரை எடுத்தேன். பெற்ற பிள்ளையிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்டீர்களே என்று நாலு பக்கம் எழுத இருந்தது. எழுத முடியவில்லை, ஏனென்றால் ஒன்றை மறைத்துவிட்டு உங்களைத் திட்ட வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தை வீட்டு வாசலில் நின்றே பிரித்தேன். அந்தக் கேள்வி வரை வந்தேன். அப்போது குழந்தை என்ன ஆனாள் என்று என் கண் தேடவில்லை மாமா. அக்கா என்ன சொன்னாள் என்றுதான் தேடியது.

இங்கே அவள் என் பக்கத்தில்தான் படுப்பாள். அவளிடம் நான் எதுவும் கேட்க மாட்டேன் என்று உங்களுக்கு உறுதி சொல்லத்தான் கடைசியில் இடம் விட்டு வைத்திருந்தேன். அரை மணி நேரமாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வினோதினி